சீட்டில் எழுதியதும் அடுப்பில் இருப்பதும்: மேக்ரோ எதைக் ‘கண்டுபிடிக்கிறது’?

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டம். களத்தில் காயும் கொட்டையின் ஈரப்பதத்தை அளந்து, அந்த எண்ணைக் குறியாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றி, சேலத்துக்கு அனுப்ப ஒரு சிறு கணினிப் பலகை. என் மாலை வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர், அதற்கான நிரலைச் சேலத்தில் தன் வீட்டிலேயே தயார் செய்து, மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போய்ப் பலகையில் செருகினார். நிரல் ஒரே வரியைச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டது. ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’. இந்தக் கட்டளை எனக்குத் தெரியாது என்று பிராசஸர் கைவிரிப்பதற்குத்தான் அந்தப் பெயர்.

மாலையில் மலையிறங்கி நேராக வகுப்புக்கு வந்தார். “எந்தக் கணினியில் ஓடுகிறோம் என்பதை மேக்ரோவை வைத்து லைப்ரரியே கண்டுபிடித்துக்கொள்ளும் என்கிறார்களே சார், பிறகு ஏன் இப்படி?”

லைப்ரரி என்பது பிறர் எழுதிவைத்து நாம் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. மேக்ரோ என்ன என்பதைப் பிறகு பார்ப்போம். அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அவசரத்தில் சொல்லியிருக்கிறேன். ஆனால் கோளாறே அந்தக் ‘கண்டுபிடித்துக்கொள்ளும்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. மேக்ரோ எதையும் கண்டுபிடிப்பதில்லை. அது எதைச் செய்கிறது என்பதை அன்று கரும்பலகையில் எழுதி விளக்கியதுதான், கொஞ்சம் விரிவாக, இந்தக் கட்டுரை.

சமையல் மாஸ்டரின் நோட்டு

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கல்யாணச் சமையல் மாஸ்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சேலம் மண்டபங்களிலும் சமைப்பார், ஏற்காட்டிலும் சமைப்பார். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சேலத்தில் 99 டிகிரி ஆக வேண்டும். நான்கு டிகிரிதானே என்று நினைக்கலாம். திறந்த அண்டாவில் நூறு பேருக்குப் பருப்பு வேகவைத்தவர்களைக் கேட்டால் தெரியும்.

மாஸ்டர் இரண்டு ஊருக்கும் இரண்டு நோட்டு வைத்துக்கொள்வதில்லை. ஒரே நோட்டில் இப்படி எழுதியிருக்கிறார்: ‘மலை என்றால், பருப்பை முதல்நாள் இரவே ஊறப்போடு. சமவெளி என்றால், ஒரு மணி நேரம் ஊறினால் போதும். இரண்டும் இல்லையென்றால், என்னைக் கேட்காமல் அடுப்பைப் பற்றவைக்காதே.’

ஆர்டர் வந்ததும் நோட்டைப் பார்த்து ஒரு சீட்டு எழுதுகிறார். அண்டா முன்னால் நிற்கும் உதவியாளின் கைக்குப் போவது அந்தச் சீட்டு மட்டுமே. அதில் ‘மலை என்றால்’ என்ற சொற்களே இருக்காது. ‘முதல்நாள் இரவே ஊறப்போடு’ என்று மட்டும் இருக்கும். நோட்டில் வேறு வழிகளும் எழுதியிருந்தன என்பதுகூட உதவியாளுக்குத் தெரியாது.

நோட்டிலிருந்து சீட்டுக்கு

சி மொழியில் நாம் எழுதுவது மூலநிரல். அது நோட்டு. மூலநிரலை பிராசஸர் நேரடியாகப் புரிந்துகொள்ளும் கட்டளைகளாக மாற்றிக் கொடுப்பது கம்பைலர். ஆனால் கம்பைலர் கையில் எடுப்பதற்கு முன்பே ஒரு கட்டம் நடந்து முடிந்துவிடுகிறது. ஹேஷ் (#) குறியில் தொடங்கும் வரிகளை மட்டும் பார்த்து, எந்தப் பகுதி இருக்கட்டும், எந்தப் பகுதி போகட்டும் என்று வெட்டித் தள்ளும் கட்டம் அது. அதைச் செய்வது முன்செயலி. நோட்டிலிருந்து சீட்டு எழுதும் வேலை இதுதான்.

முன்செயலி எதை வைத்து முடிவெடுக்கிறது? மேக்ரோவை வைத்து. மேக்ரோ என்பது ஒரு பெயரும் அதற்கு ஈடாக வைக்கும் மதிப்பும்; அவ்வளவுதான். ‘இந்தப் பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் இந்த வரிகள், இல்லையென்றால் அந்த வரிகள்’ என்று நாம் எழுதி வைக்கிறோம்.

‘இப்படியென்றால் இதைச் செய்’ என்று நிரலுக்குள் எழுதும் சாதாரண ‘இஃப்’ வாக்கியம் இந்த வேலைக்கு ஆகாது. அதில் கம்பைலர் இரண்டு கிளைகளையும் படித்துப் புரிந்துகொள்ள முயலும். விண்டோஸுக்கு மட்டும் உரிய ஒரு கோப்பை லினக்ஸில் தேடும், கிடைக்காது, அங்கேயே நின்றுவிடும். முன்செயலி வெட்டிய பகுதியோ கம்பைலரின் கண்ணிலேயே படுவதில்லை.

சரி, ‘ஏற்காடு’ என்று யார் சொன்னது? கம்பைலரேதான். ஒவ்வொரு கம்பைலரும் தான் யாருக்காகக் கட்டளை தயாரிக்கப் போகிறதோ அந்தத் தளத்தின் அடையாளங்களை மேக்ரோக்களாக முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறது. தளம் என்றால் பிராசஸரின் வகையும் இயங்குதளமும் சேர்ந்தது. ஜிசிசி போன்ற கம்பைலர்களில், இன்டெல், ஏஎம்டி 64 பிட் பிராசஸர்கள் என்றால் ‘எக்ஸ்86-64’. கைபேசிகளிலும் சிறு பலகைகளிலும் இருக்கும் ஆர்ம் வகை பிராசஸர், அதிலும் 64 பிட் என்றால் ‘ஏஆர்ச்64’. லினக்ஸ் என்றால் ‘லினக்ஸ்’, விண்டோஸ் என்றால் ‘வின்32’. உண்மையில் இந்தப் பெயர்களோடு அடிக்கோடுகள் ஒட்டியிருக்கும், சிலவற்றுக்கு முன்னால் மட்டும், சிலவற்றுக்கு இரு பக்கமும். இங்கே விட்டுவிடுகிறேன்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஜிசிசி கம்பைலரிடம் சின்ன டி, பெரிய எம் சேர்ந்த விருப்பத்தையும் (விருப்பம் என்றால் கட்டளையோடு சேர்த்து அடிக்கும் குறிப்பு) பெரிய ஈ விருப்பத்தையும் கொடுத்து ஒரு வெற்றுக் கோப்பை நீட்டுங்கள். அது வரையறுத்து வைத்திருக்கும் சில நூறு மேக்ரோக்களையும் வரிசையாகக் கொட்டும். புதிதாக வருபவர்களை நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். பத்துப் பக்கம் படிப்பதைவிட அந்தப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது நல்லது.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: கம்பைலர் தன் இலக்கு எது என்பதை மேக்ரோக்களாகச் சொல்கிறது, முன்செயலி அதைப் பார்த்து வேண்டாததை வெட்டுகிறது, மிச்சம் மட்டும் கட்டளையாகிறது.

மாஸ்டர் இருப்பது எங்கே, சமையல் நடப்பது எங்கே?

மாஸ்டர் சீட்டு எழுதும்போது உட்கார்ந்திருப்பது செவ்வாய்ப்பேட்டையில். சீட்டில் எழுதுவது ஏற்காட்டுக்கு. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு ‘இது சமவெளி’ என்று எழுதினால் வேலை கெட்டது.

கம்பைலரும் அப்படியே. சேலத்தில் உள்ள இன்டெல் மடிக்கணினியில் இருந்துகொண்டே ஆர்ம் பலகைக்கு நிரல் தயாரிக்கலாம். அப்போது மேக்ரோ ‘ஏஆர்ச்64’ என்றுதான் சொல்லும். மடிக்கணினியைப் பற்றி அதற்குக் கவலையில்லை. மேக்ரோவின் பெரிய பலம் இது. கம்பைல் நடக்கும் கணினியிடம் ‘நீ யார்?’ என்று கேட்டு விடையை ஒரு கோப்பில் எழுதிவைக்கும் வழக்கமும் உண்டு. இலக்கு வேறாக இருந்தால் அந்த விடை பயன்படாது. மேக் கணினிகளில் இன்டெல்லுக்கும் ஆர்முக்கும் ஒரே கட்டளையில் நிரல் தயாரிக்க முடியும். உள்ளே கம்பைல் இரண்டு தடவை நடக்கிறது. ஒரு கோப்பில் எழுதிவைத்த ஒற்றை விடை அதில் ஒன்றுக்குக் கட்டாயம் தவறு. மேக்ரோ இரண்டு தடவையும் சரியாகச் சொல்லும்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். இன்டெல்லுக்காகத் தயாரித்த நிரலை ஆப்பிளின் ஆர்ம் சில்லில் ரொசெட்டா என்ற மொழிமாற்றியின் மூலம் ஓட்டலாம். அப்போதும் நிரலுக்குள் இருப்பது இன்டெல் வழிதான். நிரல் ஓடும்போது மேக்ரோ என்று ஒன்று இருப்பதே இல்லை. அது சீட்டு எழுதிய அன்றே மறைந்துவிட்டது.

பெயரை நம்பி ஏமாறும் இடங்கள்

மேக்ரோக்களின் பெயர்கள் பல வருடச் சரித்திரத்தைச் சுமப்பவை. சேலத்தில் புதிய பேருந்து நிலையம் என்று இன்னும் சொல்கிறோமே, அது எத்தனை வருடம் பழையதானாலும். அதுபோலத்தான் ‘வின்32’. 32 பிட் விண்டோஸுக்கு மட்டும் என்று நினைத்தால் தவறு. 64 பிட் விண்டோஸிலும் அது வரையறுக்கப்பட்டிருக்கும். 64 என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ‘வின்64’ என்பதைக் கேட்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் ‘ஆண்ட்ராய்டு’ என்ற மேக்ரோவும் இருக்கும், ‘லினக்ஸ்’ என்பதும் இருக்கும், ஏனென்றால் அதன் அடியில் இருப்பது லினக்ஸ்தான். லினக்ஸா என்று முதலில் கேட்டால் ஆண்ட்ராய்டுக் கிளைக்கு நிரல் போகவே போகாது. குறுகிய கேள்வியை முதலில் கேளுங்கள். கிளாங் கம்பைலரும் ஜிசிசிக்கு உரிய மேக்ரோவை வரையறுத்துக்கொள்கிறது, பழைய நிரல்கள் தன்னை ஒதுக்கிவிடக் கூடாதே என்று. ஜிசிசியின் இயல்பு நிலையில் அடிக்கோடே இல்லாத ‘லினக்ஸ்’ என்ற பெயரும் 1 என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெயரில் ஒரு மாறியை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் திணறியவர்களில் நானும் ஒருவன்.

இவையெல்லாம் எரிச்சலூட்டுபவை, ஆனால் பெரும்பாலும் சத்தம் போட்டுத்தான் உடையும். சத்தமே போடாத ஒன்று இருக்கிறது. முன்செயலியின் ‘இஃப்’ வரியில் வரையறுக்கப்படாத பெயர் ஒன்று வந்தால் அது பிழை அல்ல. அதன் மதிப்பு சுழியம் என்று எடுத்துக்கொள்ளப்படும். ஓர் எழுத்தைத் தவறாக அடித்தால் போதும், விடை ‘இல்லை’ என்று ஆகிவிடும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

குறியாக்க லைப்ரரியில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். ரகசியச் சாவி உருவாக்க, யாராலும் ஊகிக்க முடியாத எண்கள் வேண்டும். அதை இயங்குதளத்திடம்தான் கேட்டு வாங்க வேண்டும். லினக்ஸில் ‘கெட்ராண்டம்’, விண்டோஸில் ‘பிகிரிப்ட்ஜென்ராண்டம்’ என்று வாசல் வேறு வேறு. ஆகவே இங்கே தளம் பார்த்துக் கிளை பிரித்தே ஆக வேண்டும். கடைசிக் கிளையில், எதுவும் பொருந்தாவிட்டால் கடிகார நேரத்தை வைத்து எண் உருவாக்கிக்கொள் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு எழுதிவைக்கிறார். இன்னொருவர் மேலே ‘லினக்ஸ்’ என்பதில் ஓர் எழுத்தைத் தவறவிடுகிறார். நிரல் கம்பைல் ஆகும். ஓடும். சோதனைகளில் தேறும். குறியாக்கமும் நடக்கும், மறுமுனையில் சரியாகப் பிரியவும் செய்யும். சாவியை மட்டும், நிரல் தொடங்கிய நேரத்தைச் சுமாராக அறிந்தவர் ஊகித்துவிடலாம்.

பருப்பு வேகாவிட்டால் பந்தியில் தெரிந்துவிடும். சாவி பலவீனமாக இருந்தால் எந்தப் பந்தியிலும் தெரியாது.

அதனால்தான் மாஸ்டரின் மூன்றாவது வரி முக்கியம்: ‘கேட்காமல் அடுப்பைப் பற்றவைக்காதே.’ முன்செயலியில் இதற்கு ‘எரர்’ என்ற கட்டளை இருக்கிறது. அந்தக் கிளைக்குள் வந்தால் கம்பைல் அங்கேயே நின்றுவிடும். என் கட்சி இது: வேகம் சம்பந்தப்பட்ட கேள்வி என்றால் கடைசிக் கிளையில் எங்கும் ஓடக்கூடிய சாதாரண சி நிரலை வையுங்கள், மெதுவாக ஓடட்டும். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கேள்வி என்றால் கடைசிக் கிளையில் ‘எரர்’ தவிர வேறெதையும் வைக்காதீர்கள். வரையறுக்கப்படாத பெயர் வந்தால் எச்சரிக்கச் சொல்லும் விருப்பம் ஜிசிசி, கிளாங் இரண்டிலும் இருக்கிறது. அது இயல்பாக அணைந்துதான் கிடக்கும், போட்டுவையுங்கள்.

கேட்காமலே இருந்துவிடலாம்

எல்லாவற்றுக்கும் தளத்தைக் கேட்பதும் ஒரு வியாதிதான். ‘லாங்’ என்ற எண் வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். இதற்காகக் கிளை பிரித்து எழுதியவற்றை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். சரியாக 32 பிட், சரியாக 64 பிட் என்று அளவு குறித்த எண் வகைகள் 1999-ன் சி தரத்திலேயே வந்துவிட்டன. அவற்றை எடுத்துக்கொண்டால் கேள்வியே எழாது.

பைட் வரிசையும் அப்படித்தான். தேதியைச் சிலர் நாளில் தொடங்கி எழுதுவார்கள், சிலர் வருடத்தில் தொடங்குவார்கள். பெரிய எண்களைப் பைட்டுகளாகப் பிரித்து நினைவகத்தில் வைக்கும்போது பிராசஸர்களுக்கும் இதே வேற்றுமை உண்டு. தரவுக்குக் கைரேகை போல ஓர் எண்ணைத் தரும் ஷா-256 என்ற முறை பெரிய முனையை முதலில் வைத்துப் படிக்கச் சொல்கிறது. சாச்சா20 என்ற குறியாக்க முறை சின்ன முனையை. பிராசஸர் எந்தக் கட்சி என்று மேக்ரோவிடம் கேட்டுக் கிளை பிரிக்கலாம். ஆனால் ஒவ்வொரு பைட்டாக எடுத்து, அதற்குரிய இடத்துக்கு நகர்த்திச் சேர்த்தால், எந்த பிராசஸரிலும் ஒரே விடைதான் வரும். வேகம் போய்விடுமே என்பார்கள். இன்றைய ஜிசிசி, கிளாங் போன்ற கம்பைலர்கள் அந்த வரிகளை அடையாளம் கண்டு ஓரிரு கட்டளைகளாகச் சுருக்கிவிடுகின்றன.

அண்டாவைத் திறந்து பார்க்க வேண்டிய கேள்வி

இனி ஏற்காட்டுப் பலகைக்கு வருவோம்.

சீட்டில் ‘ஏற்காடு’ என்று இருந்தால் தண்ணீர் எப்போது கொதிக்கும் என்பது தெரியும். அந்த மண்டபத்துச் சமையலறையில் கேஸ் அடுப்பா, விறகு அடுப்பா என்பது தெரியாது. ஏற்காடு என்ற பெயருக்குள் அந்தச் செய்தி இல்லை. போய்ப் பார்த்தால்தான் உண்டு.

மாணவர் வீட்டில் இருந்தது ராஸ்பெரி பை 5 என்ற சிறு கணினிப் பலகை. தோட்டத்தில் இருந்தது ராஸ்பெரி பை 4. இரண்டும் ‘ஏஆர்ச்64’தான், இரண்டிலும் லினக்ஸ்தான். ஆனால் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையை பிராசஸருக்குள்ளேயே செய்துமுடிக்கும் தனிக் கட்டளைகள் ஆர்மில் கட்டாயம் அல்ல, விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். பை 5-இன் சில்லில் அவை உண்டு, பை 4-இல் இல்லை. இன்டெல் பக்கமும் இதே கதை உண்டு; ஏஇஎஸ் கட்டளைகள் 2010-இல்தான் அதன் சில்லுகளில் வரத் தொடங்கின, அதற்கு முந்தையவையும் ‘எக்ஸ்86-64’தான்.

அவர் கம்பைல் செய்யும்போது ‘நேட்டிவ்’ என்ற விருப்பத்தைப் போட்டிருந்தார். வேகமாக ஓடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அர்த்தம், ‘இந்தக் கணினியில் என்னென்ன இருக்கிறதோ அவையெல்லாம் இலக்கிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்.’ பை 5-இல் உட்கார்ந்து அப்படிச் சொன்னதும் கம்பைலர் ஏஇஎஸ் மேக்ரோவையும் வரையறுத்துவிட்டது. லைப்ரரி அதைப் பார்த்து, இருப்பது உறுதி, ஓடும்போது வேறு எதற்குச் சரிபார்க்க வேண்டும் என்று சோதனையை வெட்டிவிட்டது. கம்பைலர் பொய் சொல்லவில்லை. பலகையின் குற்றமும் இல்லை. சீட்டில் கேஸ் அடுப்பு என்று எழுதிக்கொடுத்ததே நாம்தான்.

பிறகு எப்படிக் கேட்பது? நிரல் ஓடத் தொடங்கியதும், ஒரே ஒரு தடவை, இருக்கும் பிராசஸரைக் கேட்க வேண்டும். எக்ஸ்86 குடும்பத்தில் இதற்கென்றே ‘சிபியுஐடி’ என்ற கட்டளை இருக்கிறது. ஆர்ம் லினக்ஸில் ‘கெட்ஆக்ஸ்வால்’ மூலம் இயங்குதளத்திடம் கேட்கலாம். ஏஇஎஸ் இருக்கிறது என்றால் வேகமான வழி, இல்லையென்றால் சாதாரண வழி. இரண்டு வழிகளும் நிரலுக்குள் இருக்கும். வேகமான வழி உள்ள கோப்புக்கு மட்டும் அந்தக் கட்டளைகளைப் பயன்படுத்தக் கம்பைலருக்கு அனுமதி கொடுப்பார்கள்.

அப்படியானால் மேக்ரோவுக்கு வேலை இல்லையா? இருக்கிறது. சிபியுஐடியைக் கேட்பதா, கெட்ஆக்ஸ்வாலைக் கேட்பதா என்பதே தளத்தைப் பொறுத்தது. ஆர்ம் பலகையில் சிபியுஐடி கட்டளையை வைத்தால் கம்பைலே ஆகாது. எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை மேக்ரோ முடிவு செய்கிறது. விடையை, ஓடும் பிராசஸர் சொல்கிறது.

ஏஇஎஸ் விஷயத்தில் இது வேகத்தோடு மட்டும் நிற்பதும் இல்லை. ஏஇஎஸ்ஸை மென்பொருளில் வேகமாகச் செய்ய அட்டவணைகளைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். அட்டவணையின் எந்தப் பகுதியைப் படிக்கிறோம் என்பதற்கு ஏற்ப நேரம் சற்று மாறும். அந்த நேர வேறுபாட்டை அளந்தே சாவியைப் பிடிக்கலாம் என்று 2005-இலேயே காட்டிவிட்டார்கள். லிப்சோடியம் என்ற லைப்ரரி இதற்காக ஒரு பிடிவாதமே வைத்திருக்கிறது: ஏஇஎஸ்ஸைப் பயன்படுத்தும் ஒரு வகையான ஏஇஎஸ்-ஜிசிஎம் முறையை, பிராசஸரில் அதற்கான கட்டளைகள் இருந்தால் மட்டும் தரும். இருக்கிறதா என்று ஓடும்போது கேட்க ஒரு செயற்கூறும் அதில் உண்டு.

அன்று இரவு வகுப்பிலிருந்தே தோட்டத்துப் பலகைக்குள் நுழைந்து பிராசஸர் விவரப் பட்டியலைத் திறந்தோம். ‘சிஆர்சி32’ என்ற வேறொரு கட்டளை வகை இருந்தது. ‘ஏஇஎஸ்’ இல்லை. வரியை இரண்டு முறை விரலால் தொட்டுப் படித்துவிட்டு மாணவர் சிரித்துவிட்டார்.

நேட்டிவ் விருப்பத்தை எடுத்தார். அட்டவணையே தேவைப்படாத சாச்சா20-க்கு மாறினார். கடைசியில் கணக்குப் போட்டுப் பார்த்தோம்: பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, நாற்பது பைட். பை 4 அதைக் கண் இமைப்பதற்குள் செய்துவிடும், ஏஇஎஸ் கட்டளை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.